கோடையில் ஆழம் இறங்கும் பிக்கரல்

ஜூலை பிறந்ததும் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் ஒரே முறைப்பாடுதான் கேட்கும்: "மே மாதக் கடைசியில் கரையில் நின்றே பிடித்தோம், இப்போது ஒரு கடிகூட இல்லை." மீன் ஏரியை விட்டு ஓடிவிடவில்லை. அதன் பசியும் குறையவில்லை. நீர் சூடேறிய மாதங்களில்தான் பிக்கரல் நிறையத் தின்று வேகமாக வளர்கிறது. மாறியிருப்பது அது நிற்கும் ஆழம்.

ஒன்ராறியோவில் பிக்கரல் என்று அழைக்கப்படும் இந்த மீனுக்கு அமெரிக்காவிலும் அரசு வெளியீடுகளிலும் வால்-ஐ என்று பெயர். பொன்னும் ஒலிவ் பச்சையும் கலந்த உடல், கூரிய முள்களோடு விரியும் முன் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ் நுனியில் வெள்ளைத் திட்டு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் வெட்டும். கையில் எடுக்கும்போது அங்கே விரலை வைக்காதீர்கள்.

கோடை மீன்பிடிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆழத்தைக் கண்டுபிடியுங்கள், அடுத்து இடத்தை. தூண்டிலைத் தேர்வது அதற்குப் பிறகுதான். பலர் கடையில் புதிதாக வந்த பளபளக்கும் இரையை வாங்கிக்கொண்டு, மீனே இல்லாத நீரில் நாள் முழுக்க இழுக்கிறார்கள். இன்னொன்றையும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஆழத்திலிருந்து மேலே வந்த பிக்கரலைத் திருப்பி விட்டால் அது பிழைக்கும் என்று நம்ப முடியாது. எத்தனை மீன் வேண்டும் என்பதைத் தூண்டிலை இறக்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தின் எல்லா முறைகளும் அந்த முடிவுக்கு உட்பட்டவை.

ஏரி அடுக்குகளாகப் பிரியும் விதம்

பனிக்கட்டி உருகிய வசந்தத்தில் மேலிருந்து அடிவரை ஏரி நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றுதான். நீர் 4 பாகை செல்சியஸில் மிகக் கனமாக இருக்கும். வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி இலேசாகிறது, அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் அதன்மேல் மிதக்கத் தொடங்குகிறது. ஊரில் ஆழமான குளத்தில் நீந்தியவர்களுக்கு இது உடம்பால் தெரிந்த விடயம்: மார்பளவில் இளஞ்சூடு, காலடியில் சில்லென்ற குளிர். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் மெல்லிய அடுக்கே தெர்மோகிளைன்.

காற்று கலக்குவது மேலடுக்கை மட்டுமே. கீழடுக்குக்குக் கோடை முழுவதும் காற்றோடு தொடர்பில்லை. பாசியும் இலைகுழைகளும் அடியில் மக்கும்போது அங்குள்ள ஒட்சிசன் செலவாகிக்கொண்டே போகும். வளம் மிகுந்த, பாசி நிறைந்த ஏரிகளில் ஓகஸ்ட் வாக்கில் தெர்மோகிளைனுக்குக் கீழே மீன் வாழ முடியாது. அத்தகைய ஏரியில் 50 அடி ஆழத்தில் இரையை இறக்கினால் வெற்று நீரில்தான் தொங்கும். பாறைகள் சூழ்ந்த, ஆழமும் தெளிவும் கொண்ட வடக்கு ஏரிகளில் அடிநீரிலும் ஒட்சிசன் தங்கும். லேக் ட்ரௌட் வாழும் ஏரி என்றால் அதுவே சான்று.

பிக்கரல் விரும்பும் வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 22 பாகை. மேல்நீர் 25 பாகையைத் தொடும் நாளில் அந்த இதமான பட்டை தெர்மோகிளைனை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும். சிறிய உள்நாட்டு ஏரிகளில் அது 15 முதல் 25 அடியில் அமையலாம். காற்று வீசித் திறந்து கிடக்கும் பெரிய ஏரிகளில் 40 அடிக்கும் கீழே போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. சோனாரின் உணர்திறனைக் கூட்டினால், நடுநீரில் மங்கலான ஒரு பட்டை திரையின் குறுக்கே நீளமாகத் தெரியும். அடர்த்தி மாறும் அந்த அடுக்கும் அதில் தேங்கும் நுண்ணுயிர்களுமே அப்படித் தோன்றுகின்றன. சோனார் இல்லாதவர்கள் வெப்பமானியை நூலில் கட்டி, 5 அடிக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து குறித்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை, நாள் முழுவதும் வீணாவதைத் தடுக்கும்.

எல்லா ஏரியும் ஒன்றல்ல

நிப்பிசிங் ஏரியின் சராசரி ஆழம் 4.5 மீற்றர்தான். காற்று அடிக்கடி அதை அடிவரை கலக்கிவிடுவதால் அங்கே தெர்மோகிளைனைத் தேடிப் பயனில்லை. களைகளின் ஓரத்தையும் பாறைத் திட்டுகளையும் தேடுங்கள். மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி பரந்தது, ஆனால் அதன் மிக ஆழமான இடமே ஏறத்தாழ 42 அடிதான். அதன் நடுவே சேற்று மேடைகள் அடியிலிருந்து உயர்ந்து நிற்கின்றன. சேற்றில் வாழும் மேஃப்ளை பூச்சியின் இளம்புழுக்களைத் தேடிச் சிறுமீன்கள் வர, அவற்றைத் தேடிப் பிக்கரல் அந்த மேடைகளின் விளிம்புக்கு வருகிறது. கோடையில் சேற்று அடித்தளத்தை ஒதுக்கக் கூடாது என்பதற்கு அந்த ஏரியே நல்ல பாடம்.

ஈரி ஏரியின் கதை இன்னும் பெரியது. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 24 அடி, நடுப்பகுதியினது ஏறத்தாழ 60 அடி, கிழக்குப் பகுதியிலோ 210 அடிவரை இறங்குகிறது. வசந்தத்தில் மேற்கில் முட்டையிடும் பிக்கரல்களில் பெருந்தொகை, நீர் சூடேறியதும் குளிர்ந்த நீரையும் இரையையும் தேடி நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் பயணிக்கிறது. ஆனால் கோடைக் கடைசியில் நடுப்பகுதியின் அடிநீரில் ஒட்சிசன் வற்றிவிடும். அதனால் ஈரியோ, போர்ட் ஸ்டான்லி ஆகிய துறைகளிலிருந்து புறப்படும் படகுகள் பெரும்பாலும் அடியைத் தொடாமல் நடுநீரில் தூண்டிலை இழுக்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து கிழக்கே போகும் நம்மவர்களுக்கு அறிமுகமான குவின்ரி குடாவிலும் இதே இடம்பெயர்வைக் காணலாம். குடாவிலும் அதில் கலக்கும் ஆறுகளிலும் முட்டையிட்ட பெரிய பிக்கரல்கள் கோடையில் அலெவைஃப் மீன்கூட்டங்களைத் தொடர்ந்து ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பகுதிக்கு வெளியேறி, இலையுதிர் காலத்தில் திரும்புகின்றன. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி பேரேரிகள் எங்கும் பரவி, நீரை வடிகட்டித் தெளிய வைத்தது. வெளிச்சத்தை விரும்பாத பிக்கரலைத் தெளிந்த நீர் மேலும் ஆழத்துக்குத் தள்ளியது. பழைய ஆட்கள் சொல்லும் 10 அடி இடங்கள் இன்று வெறுமையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மீன் நிற்கும் இடம்

சரியான ஆழத்தில் எல்லா இடத்திலும் மீன் நிற்காது. அந்த ஆழம் ஏரியின் அடித்தளத்தில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். தெர்மோகிளைன் 28 அடியில் இருந்தால், வரைபடத்தில் 20 முதல் 28 அடிக்குள் உச்சி அமைந்த நடுஏரி மேடுகளையும், கரையிலிருந்து நீளும் முனைகள் அதே ஆழத்தில் சரியும் விளிம்புகளையும் தேடுங்கள். பாறையும் சரளையும் முடிந்து சேறு தொடங்கும் கோடு மிகச் சிறந்த இடம். சோனாரில் கடினமான அடி தடித்த, பிரகாசமான கோடாகவும் சேறு மெலிந்த, மங்கலான கோடாகவும் தெரியும். அந்த மாற்றத்தை ஒட்டியே படகை நகர்த்துங்கள்.

சோனார் காட்டுவது படகுக்கு நேர் கீழே உள்ள கூம்பு வடிவப் பகுதியை மட்டுமே. 20 பாகை கூம்பு கொண்ட கருவி, 30 அடி ஆழத்தில் ஏறத்தாழ 10 அடி அகல வட்டத்தைத்தான் பார்க்கிறது. ஒருமுறை கடந்துவிட்டு இங்கே மீன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மேட்டின் எல்லாப் பக்கத்தையும், குறிப்பாகக் காற்று மோதும் பக்கத்தை, மெல்லச் சுற்றிவாருங்கள். மீனும் இரைக்கூட்டமும் தெரிந்த பிறகு தூண்டிலை இறக்குங்கள்.

எதைத் தின்கிறது என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும். மஞ்சள் பெர்ச் இரையாகும் ஏரியில் பிக்கரல் அடியை ஒட்டி நிற்கும். சிஸ்கோ, ஸ்மெல்ட், அலெவைஃப் ஆகியவை கூட்டமாக நடுநீரில் அலையும் ஏரிகளில் அவற்றுக்கு அருகே, அடியிலிருந்து வெகு உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இரையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நேரமும் காற்றும்

பிக்கரலின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. இரவில் கைவிளக்கு பட்டால் கண் ஒளிர்வது அதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் பெர்ச் தடுமாறும்போது பிக்கரலுக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்னும் சூரியன் சாயும் வேளையிலும் அது மேடுகளின் உச்சிக்கு ஏறி வேட்டையாடும். உச்சிவெயிலில் அதே மேட்டின் அடிவாரத்துக்கு இறங்கி நிற்கும். காலையில் 18 அடியில் கடித்த மீனை மதியம் 28 அடியில் தேடுங்கள்.

கண்ணாடிபோல் அமைதியான ஏரியும் முகில் இல்லாத வானமும் பகலில் கடினமானவை. மேற்பரப்பில் சிற்றலை எழும்படி மிதமான காற்று வீசும் நாள் நல்லது. அலை வெளிச்சத்தைச் சிதறடிக்கும், மேலடுக்கு நீரைத் தள்ளி இரையை ஒரு பக்கம் ஒதுக்கும். அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து தொடங்குங்கள்.

பொதுவான கருவிகள்

ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள மிதமான ஸ்பின்னிங் தடி ஒன்றும் ஓடும் படகின் பின்னே இரையை இழுக்கும் ட்ரோலிங் முறைக்கு ஒரு தடியும் போதும். அடியை உணர வேண்டிய முறைகளுக்கு 10 பவுண்ட் பின்னல் நூல் நல்லது. அது இழுபடாது, 30 அடி கீழே இருக்கும் சரளைக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைக்குச் சொல்லும். நுனியில் 6 முதல் 8 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் தங்கூசியைக் கட்டுங்கள். ட்ரோலிங் ரீலில் வெளியே போன நூலின் நீளத்தைக் காட்டும் எண்ணி இருந்தால், கடித்த ஆழத்துக்கு மறுபடியும் துல்லியமாகப் போகலாம்.

முறை ஒன்று: ஈயம் நகர, இரை தொடர

1960களின் பிற்பகுதியில் மினசோட்டாவில் ரான், ஆல் லிண்ட்னர் சகோதரர்கள் புகழ்பெறச் செய்த லிண்டி ரிக் இன்றும் அடியை ஒட்டி நிற்கும் கோடை மீனுக்கு முதல் தேர்வு. நூலில் வழுக்கிச் செல்லும் சப்பாத்து வடிவ ஈயம், அதன் கீழே ஒரு சுழலி, அதிலிருந்து 3 முதல் 6 அடி தங்கூசி, நுனியில் 4 அல்லது 6ஆம் எண் தூண்டில்முள். இரையாக அட்டை அல்லது பெரிய மண்புழு. 15 அடிக்குக் கால் அவுன்ஸ் ஈயம் போதும். 30 அடியில் அரை அவுன்ஸுக்கு மேல் தேவைப்படும்.

படகை மணிக்கு அரை மைல் வேகத்தில், விளிம்பை ஒட்டி நகர்த்துங்கள். நூலை விரலால் பிடித்தபடி ரீலின் பிடிகம்பியைத் திறந்து வையுங்கள். திடீரென்று ஒரு பாரம் அல்லது சிறு தட்டல் தெரிந்தால் விரலை விடுங்கள். ஈயம் அடியில் கிடக்க, நூல் தடையின்றி ஓடும். சில நொடிகள் கழித்துத் தளர்வை மெல்லச் சுற்றியெடுத்து, மீனின் எடை தெரிந்ததும் தடியை அகலமாக வீசி முள்ளைப் பதியுங்கள். நெடுநேரம் காத்திருந்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும். விழுங்கிய மீனைச் சட்டப்படி விட வேண்டியிருந்தால், முள்ளைப் பிடுங்காமல் நூலை வாயருகே வெட்டிவிடுங்கள்.

முறை இரண்டு: பாட்டம் பவுன்சரும் மண்புழுத் தொடரும்

மீன் சிதறிக் கிடக்கும்போது, அல்லது இடம் புதிதாக இருக்கும்போது, இதைவிடச் சிறந்த தேடல் கருவி இல்லை. எல் வடிவக் கம்பியின் நீண்ட காலில் ஈயம் பொருத்தியிருக்கும். கம்பியின் நுனி அடியைத் தொட்டுத் தொட்டு நகர, குறுகிய காலிலிருந்து நீளும் தங்கூசியில் சுழலும் தகடும் மணிகளும் இரண்டு முள்களும் பின்தொடரும். பாறையில் ஈயம் சிக்குவது குறைவு.

எடைக்கு எளிய கணக்கு: 10 அடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ். 30 அடிக்கு 3 அவுன்ஸ். வேகம் மணிக்கு ஏறத்தாழ 1 மைல். நூல் நீருக்குள் 45 பாகை சாய்வில் நுழைய வேண்டும். அதைவிடப் படுத்தால் எடையைக் கூட்டுங்கள் அல்லது நூலைக் குறையுங்கள். ஈயத்தை அடியில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. நொடிக்கொரு முறை அடியைத் தட்டிவிட்டு எழ வேண்டும்.

மண்புழுவின் தலையை முதல் முள்ளிலும் நடுவுடலை இரண்டாவதிலும் குத்தி, வால் நேராகத் தொங்கவிடுங்கள். சுருண்டு கிடந்தால் தொடர் முழுவதும் திருகி நூல் முறுக்கேறும். கலங்கல் நீரில் பொன்னிறம், செம்மஞ்சள், பச்சை கலந்த மஞ்சள். தெளிந்த நீரில் வெள்ளி, நீலம், ஊதா. தகட்டின் சுழற்சியை முதலில் படகோரத்தில் பார்த்து உறுதி செய்த பிறகு இறக்குங்கள். மீன் தட்டினால் உடனே வெட்டி இழுக்காதீர்கள். தடியைச் சற்றுப் பின்னே விட்டுக்கொடுத்து, அது வளைந்து பாரமான பின் முன்னே இழுங்கள்.

முறை மூன்று: நேர்க்கீழே ஜிக்

சோனாரில் ஒரு கூட்டம் ஒரே இடத்தில் நிற்பது தெரிந்தால் படகை அதன் மேலேயே நிறுத்துங்கள். 30 அடிக்கு 3/8 அவுன்ஸ் ஜிக்கில், அதாவது ஈயத்தலை கொண்ட முள்ளில், பாதி மண்புழுவையோ ரப்பர் மீனையோ கோத்து, அடியைத் தொடவிட்டு அரை அடி தூக்கி நிறுத்துங்கள். சோம்பலான மீனுக்கு அசையாமல் நிற்பதே நல்ல அழைப்பு.

அதற்கும் அசையாத மீனைச் சினமூட்டிக் கடிக்க வைக்கும் கருவி, ரபாலா நிறுவனத்தின் ஜிக்கிங் ராப் போன்ற உலோகச் சிறுமீன். பனிக்கட்டி மீன்பிடிப்புக்காக உருவான இது இப்போது கோடையிலும் நிலைபெற்றுவிட்டது. அடியைத் தொடவிட்டு 2 அல்லது 3 அடி சட்டென்று உதறித் தூக்கி, தளர்ந்த நூலில் விழவிடுங்கள். அது பக்கவாட்டில் சறுக்கி விழும்போதே மீன் பாயும். கடி கைக்குத் தெரியாது. அடுத்த உதறலில் பாரமாகத்தான் தெரியும். நூல் முறுக்காமல் இருக்க இரையிலிருந்து 2 அடி மேலே ஒரு சிறு சுழலி அவசியம்.

முறை நான்கு: தக்கையும் அட்டையும்

எளிமையான முறை, பிள்ளைகளுக்கும் உகந்தது. நூலில் வழுக்கும் தக்கைக்கு மேலே ஒரு முடிச்சு இட்டு ஆழத்தைத் தீர்மானிக்கிறோம். முடிச்சு தடியின் வளையங்களுக்குள் போய்வரும் என்பதால் 25 அடி ஆழத்துக்கும் எளிதாக வீசலாம். இரை அடிக்கு ஓர் அடி அல்லது இரண்டடி மேலே தொங்கட்டும். அட்டையின் அகன்ற உறிஞ்சிப் பக்கத்தில் முள்ளைக் குத்தினால் அது நீட்டி நீந்திக்கொண்டே இருக்கும்.

அட்டை என்றதும் நம்மில் பலர் அருவருப்படைகிறோம். தூண்டில் கடைகளில் விற்கும் ரிப்பன் அட்டை மனிதரின் இரத்தத்தைக் குடிக்காது. நீர்ப்பூச்சிகளையும் இறந்த உயிர்களையும் தின்று வாழ்வது. பயமின்றிக் கையில் எடுக்கலாம். மேட்டின் உச்சியில் மாலை வேளையில் மீன் ஏறிவரும்போது, காற்றுப் பக்கத்தில் நங்கூரமிட்டு, தக்கையைக் காற்றோடு மிதக்கவிடுங்கள்.

முறை ஐந்து: நடுநீர் ட்ரோலிங்

ஈரி ஏரியிலும் ஒன்ராறியோ ஏரியின் கிழக்கிலும் இதுவே கோடையின் முதன்மை முறை. 60 அடி நீரில் 35 அடியில் அலையும் மீனுக்கு அடித்தளம் ஒரு பொருட்டே அல்ல. குறித்த ஆழத்தில் இரையை நிறுத்துவதே முழுக் கலையும்.

இதற்கு மூன்று கருவிகள் துணை. முதலாவது ஈயக்கம்பி உள்ளே ஓடும் நூல். அது 10 யார்டுக்கு ஒரு நிறம் மாறும். மணிக்கு 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி இரை இறங்கும். 6 நிறம் விட்டால் 30 அடி. இரண்டாவது டிப்சி டைவர் என்னும் வட்டத் தட்டு. நீரின் விசையாலேயே ஆழத்துக்கும் பக்கத்துக்கும் இரையைக் கொண்டுபோகும். மூன்றாவது பிளேனர் பலகை. நூலைப் படகிலிருந்து விலக்கி இழுத்துச் செல்வதால், இயந்திர ஒலிக்கு ஒதுங்கும் மீனும் எட்டும், நூல்களும் சிக்கிக்கொள்ளாது.

மண்புழுத் தொடரை மணிக்கு 1 முதல் 1.5 மைல் வேகத்திலும், மெல்லிய உலோகக் கரண்டி இரைகளை 2 முதல் 2.5 மைல் வேகத்திலும் இழுங்கள். சோனாரில் மீன் தெரியும் ஆழத்துக்குச் சில அடி மேலே இரையை ஓட்டுங்கள். பிக்கரல் மேல்நோக்கிப் பார்த்து எழுந்து கடிக்கும், கீழே போகும் இரைக்குத் தலைகுனிவது அரிது.

நேர்கோட்டில் போகாமல் பாம்புபோல் வளைந்து செல்லுங்கள். வளைவின் உட்புறத்து நூல் வேகம் குறைந்து தாழும், வெளிப்புறத்து நூல் வேகம் கூடி எழும். உட்புறத்தில் கடி விழுந்தால் மீன் மெதுவான, ஆழமான இரையைக் கேட்கிறது. வெளிப்புறத்தில் விழுந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். கடித்த நூலின் நீளம், வேகம், நிறம் மூன்றையும் உடனே எழுதி, மற்ற தூண்டில்களையும் அப்படியே மாற்றுங்கள்.

ஆழத்திலிருந்து வரும் மீனின் நிலை

10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பையிலுள்ள வாயு இரு மடங்காக விரிய முயலும். சில மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து குடலுக்கு ஒரு குழாய் உண்டு, அவை காற்றை வெளியேற்றிவிடும். பிக்கரலுக்கு அந்தக் குழாய் இல்லை. பை உப்பும், இரைப்பை வாய்வழியே பிதுங்கலாம், கண் புடைக்கலாம், மீன் பக்கவாட்டில் மிதக்கும். வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் நீந்திப்போகும் மீனும் உட்காயத்தால் பின்னர் இறக்கக்கூடும். மேலே காத்திருக்கும் சூடான நீர் அதன் களைப்பை மேலும் கூட்டுகிறது. ஊசியால் காற்றுப்பையைக் குத்திக் காற்றை எடுப்பதும் தீர்வாகாது, பழக்கமில்லாத கை உள்ளுறுப்பைக் கிழித்துவிடும்.

ஆகவே 30 அடிக்குக் கீழே பிடித்து விடும் விளையாட்டு வேண்டாம். 25 அடியிலேயே எச்சரிக்கை தொடங்கட்டும். சட்டம் அனுமதிக்கும் முதல் மீன்களையே எடுத்துக்கொண்டு, அளவு நிறைந்ததும் ஆழத்தை விட்டு விலகுங்கள். இன்னும் பெரியது கிடைக்கும் என்று சிறியதைத் திருப்பிவிட்டால், ஒன்றை உண்ண இரண்டைக் கொல்வதாகிவிடும். குறித்த நீளத்துக்கு உட்பட்ட மீனை விட்டே ஆக வேண்டும் என்ற விதியுள்ள ஏரியில் இது இன்னும் கூர்மையான கேள்வி. அங்கே 40 அடியில் பிடிக்கும் மீன்களில் பலவற்றைச் சட்டத்துக்குப் பணிந்து சாக விட வேண்டியிருக்கும். அத்தகைய ஏரியில் மாலை வரை பொறுத்து, 15 அடிக்கு ஏறிவரும் மீனைத் தேடுங்கள்.

கரையை விட்டுப் புறப்படுமுன்

ஒன்ராறியோவில் 18 வயது முதல் 64 வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். எண்ணிக்கையும் நீள வரம்பும் வலயத்துக்கு வலயம் மாறும், ஒரே வலயத்துக்குள் சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித்தொகுப்பை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பாருங்கள். 2022 ஜனவரி முதல், உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும், இரைமீன்களையும் அட்டைகளையும் ஓர் இரை வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை. உங்கள் இரை வலயத்துக்கு வெளியே மீன்பிடித்தால் இரையை அங்கேயே வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மிஞ்சிய இரையை ஏரியில் கொட்டாதீர்கள். அதே ஆண்டு முதல், படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் அடைப்பான்களைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய களைகளை நீக்குவதும் சட்டம். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளுக்குத் தடை உண்டு.

இயந்திரப் படகை ஓட்டுபவரிடம் ஓட்டுநர் அட்டையும், படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும் இருக்க வேண்டும். அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் அணிந்துகொள்ளுங்கள். பேரேரிகளில் காலை அமைதி மதியத்துக்குள் ஆளுயர அலையாக மாறும்.

பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரத் தாமதமே தசையைக் குழையச் செய்யும். பிக்கரலின் வெண்தசையில் குறுமுள் தொல்லை குறைவு, குழம்புக்கும் பொரியலுக்கும் சொதிக்கும் பொருந்தும். ஆனால் பெரிய மீனில் பாதரசம் கூடுதல். எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்பதை ஒன்ராறியோ அரசின் மீன் உணவு வழிகாட்டி சொல்கிறது. கருவுற்ற பெண்களும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதைப் பார்க்காமல் சமைக்காதீர்கள். நடுத்தர மீனே உணவுக்கு நல்லது, முட்டையிடும் பெரிய பெண்மீனை ஏரிக்கு விட்டுவைப்பதும் நல்லது. பெரியவை திரளும் ஆழத்தைத் தெரிந்தே தவிர்ப்பதுதான் அதற்கு ஒரே வழி.

இந்த அத்தியாயத்தின் முறைகளைக் கற்ற ஒருவரால், ஒரு நல்ல நாளில், சட்டம் தரும் அளவை இரண்டு மணி நேரத்தில் எட்ட முடியும். அப்படி எட்டிய நாளில் தூண்டிலைச் சுருட்டிக் கரைக்குத் திரும்புங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதையே முதல் விதியாகச் சொல்லிக்கொடுங்கள்.